ஹரிதாஸ் அண்ணன் பாடம்

"டீச்சர், போன்ல பேசுற அண்ணன் நான் கேட்டதுக்குப் பதில் சொல்றாரு."

யுவனேஸ்வரி விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வசுமதி சிரித்துச் சமாளித்தாள். பிள்ளைகள் எந்த இடத்தில் முழிப்பார்கள் என்று நன்றாகச் சொல்லிக் கொடுப்பவருக்குத் தெரியும், அதை நினைத்துத்தான் அந்த அண்ணன் பேசி வைத்திருக்கிறார் என்றாள். யுவனேஸ்வரி தலையாட்டினாள். ஆனால் கைப்பேசியை மேசையின் மறுகோடிக்குத் தள்ளிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

வசுமதி மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஊர்க்காரி. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலை உத்தரவுக்குக் காத்திருந்தாள். வீட்டில் சும்மா கிடப்பானேன் என்று, தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளிக் கட்டடத்தில், நான்காம் படிவ வகுப்புக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறை வகுப்பு எடுத்தாள். மூன்றாம் படிவம் வரை எப்படியோ தட்டுத் தடுமாறி வந்த பிள்ளைகள். நான்காம் படிவத்தில் கிமியா என்கிற வேதியியலும் கூடுதல் கணிதமும் கழுத்தைப் பிடிக்கும். பள்ளி திறந்ததும் ஒரு சோதனை வேறு. தேறாதவர்களை அறிவியல் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் இதுவரை ஒருவரும் அங்கே நிலைத்ததில்லை. வசுமதி படித்ததோ வரலாறு. கிமியாவில் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முன்னால் இருப்பதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

கைப்பேசி அவளிடம் வந்தது கோயிலில். போன் இல்லாத பிள்ளைகளுக்காக, பழையது இருந்தால் கொடுங்கள் என்று பூசை முடிந்ததும் எல்லாரையும் கேட்டுக்கொண்டாள். லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்ட வேலை செய்யும் நீலாவதி மறுவாரமே ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். செத்துப்போன மகன் ஹரிதாஸுடையது, திறந்து பார்க்க மனசு வரவில்லை, பிள்ளைகளுக்காவது உதவட்டும் என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். மேற்கொண்டு கேட்க வசுமதிக்கும் வாய் வரவில்லை.

அதற்குள்தான் அந்தக் குரல் இருந்தது. கிமியா, இயற்பியல், கூடுதல் கணிதம் என்று நான்காம் படிவப் பாடம் முழுவதையும் பேசிப் பதிந்து வைத்திருந்தான் பையன். தமிழும் மலாயும் கலந்து, "இது அப்படி ஒண்ணும் கஷ்டம் இல்லலா, மெதுவா வாங்க" என்றுதான் ஒவ்வொரு பாடத்தையும் தொடங்குவான். போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசியது போல அமுங்கிய குரல். நடுநடுவே தாள் புரளும். மற்றபடி ஒரு நாய் குரைப்பு, ஒரு லோரி உறுமல், எதுவும் கேட்காது. கேமரன் மலையில் மழைச் சத்தம்கூடக் கேட்காமல் எங்கே உட்கார்ந்து பேசினான் என்று வசுமதிக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் பிள்ளைகள் தேறினார்கள். வசுமதி மூன்று முறை சொல்லியும் ஏறாதது அவன் ஒரு முறை சொன்னதும் ஏறியது. எந்நேரமும் கொட்டாவி விடும் தினேஸ்வரன்கூட, ஹரிதாஸ் அண்ணன் பாடம் என்றால் முன்வரிசைக்கு வந்துவிடுவான்.

ஒரு பிற்பகல், வகுப்பு விட்டுப் பிள்ளைகள் போன பின், மறுநாள் பாடத்தை வசுமதி தனியே கேட்டுக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கித் தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கணக்கில் அவளுக்கு இடறியது. இங்கே எதற்கு வகுக்க வேண்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

குரல் நின்றது. தாள் புரண்டது.

"ஏன் வகுக்கணும்னு கேக்கறீங்க, இல்லையா? சரி, முதல்லேர்ந்து வரேன்."

வசுமதி சட்டென்று பதிவை நிறுத்தினாள். யுவனேஸ்வரிக்குச் சொன்ன சமாதானத்தையே தனக்கும் சொல்லிக்கொண்டாள். அந்த இடத்தை இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று பதிவைத் திரும்ப ஓடவிட்டாள். பாடம் இருந்தது, கணக்கு இருந்தது, அந்தப் பேச்சு மட்டும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் ஏதோ கேட்டிருக்கிறது என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் பாதையில் இறங்கி நடந்தாள்.

பள்ளி திறந்தது, சோதனையும் நடந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அறிவியல் பிரிவில் நிலைத்தார்கள். வசுமதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அந்த ஞாயிறே லெம்பா பெர்த்தாமுக்குப் போனாள்.

நீலாவதி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வசுமதி நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுக் கைப்பேசியை ஓடவிட்டாள். முதல் வார்த்தையிலேயே நீலாவதியின் கை நின்றுவிட்டது.

"அவந்தான். எம்புள்ள குரல்தான்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டாள். நான்காம் படிவப் பாடம் முழுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அவரால்தான் எங்கள் பிள்ளைகள் தேறினார்கள் என்றாள் வசுமதி.

"இவ்ளோ தெளிவாப் படிச்சவரு, அஞ்சாம் படிவத்து எஸ்.பி.எம். சோதனைல நல்லா எடுத்திருப்பாரே, அக்கா?"

நீலாவதி நிமிர்ந்து அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எஸ்.பி.எம்.மா? அவன் எங்க, டீச்சர், நாலாம் படிவம் போனான்? ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடியே மோட்டார் சைக்கிள்ல அடிபட்டுப் போய்ட்டானே. ஆசைப்பட்டு வாங்குன புஸ்தகத்த ஒரு நாள்கூடப் படிக்கலியேன்னு, அவ்ளோத்தையும் பெட்டிக்குள்ள அவன் தலமாட்டுல வச்சுத்தான் புதைச்சோம்."