மாடி ஏறாத சிக்னல்

"இன்னிக்கு இவரை மாடி ஏத்திட்டுத்தான் நீ கிளம்பணும்" என்றாள் அக்கா, தம்பி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

ஏற்றப்பட வேண்டியவர் சமையலறை மேஜையில், திறந்த லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை. கம்பெனி வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டது. மாடியில் அவருக்கென்று தனி அறை, சுழல் நாற்காலி, ஜன்னல் எல்லாம் உண்டு. சிக்னல் மட்டும் கிடையாது. ஒன்பது வயதான அந்த லேப்டாப், வைஃபை பெட்டி இருக்கும் சமையலறையை விட்டு நகர்ந்தால் மூச்சை நிறுத்திவிடும்.

"எட்டு மாசமா என் சமையல்கட்டு ஆபீஸா ஆயிடுச்சுடா. மிக்ஸி போட இவர்கிட்ட பர்மிஷன் கேக்கணும். மீட்டிங்காம்!"

"ஒரு தடவைதான் சொன்னேன்" என்றார் மாமா, பீன்ஸைப் பார்த்து.

"பேசாதீங்க. உங்க மக புது வைஃபை கார்டு வாங்கி அனுப்பி ஒரு வாரமாச்சு. மாட்டியாச்சா, மாட்டியாச்சான்னு தினம் போன் போட்டு என் உயிரை வாங்குறா. டேய், சீக்கிரம் மாத்துடா. நான் துணி காயப் போட்டுட்டு வரேன்."

லேப்டாப் பழுது பார்ப்பதுதான் தம்பிக்குத் தொழில். கவிழ்த்து வைத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, அடிமூடியைத் திறந்தான். உள்ளே பாதி தீப்பெட்டி அளவில் பழைய கார்டு. அதில் மாட்டியிருக்க வேண்டிய இரண்டு ஆன்டெனா வயர்களும், கறுப்பும் வெள்ளையும், தனியே கிடந்தன. வெள்ளை வயரின் முனையில் பச்சை டேப் வேறு சுற்றியிருந்தது.

"மாமா, இதுக்குப் புதுக் கார்டே வேணாம். வயர் கழண்டிருக்கு. மாட்டிவிட்டா மொட்டை மாடிக்கே சிக்னல் வரும்."

மாமா கத்தியைக் கீழே வைத்தார். பின்கதவை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"தானாக் கழலல மச்சான். கறுப்பு வயரைக் கழட்டினா போதும்னு ஒரு வீடியோல பார்த்தேன். நான்தான் கழட்டினேன்."

தம்பி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"காலையில மேல ஏறினா சாயங்காலம்தான் இறங்கணும். முப்பது வருஷமா ஆபீஸ் போனேன், பகல்ல இவ எப்படி இருப்பான்னே எனக்குத் தெரியாது. இங்க உட்கார்ந்தா திட்டுறா. திட்டட்டுமே! நடுநடுவுல பாட்டுப் பாடுறா மச்சான். இவ பாடுவான்னு எனக்கு யாரு சொன்னா?" மாமா லேப்டாப்பைத் தம்பி பக்கம் நகர்த்தினார். "கார்டை மாத்திக்கோ. வயரை மட்டும் விட்டுடு."

கூடப் பிறந்தவளையே ஏமாற்றுவதா என்று தம்பிக்கு உறுத்தியது. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்தபிறகு மறுக்க மனசு வரவில்லை. புதுக் கார்டைப் பொருத்தி, வயர்களை இருந்தபடியே விட்டு மூடினான்.

அக்கா திரும்பி வந்தாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். போன வேகத்தில் இறங்கினாள்.

"ஒரு கோடு கூட வரலையேடா!"

"பழைய மாடல்க்கா. இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது" என்றான் தம்பி, தன் தொழில் மானத்தைக் காற்றில் பறக்கவிட்டு.

"எல்லாம் என் தலையெழுத்து." அக்கா குக்கரை ணங்கென்று அடுப்பில் வைத்தாள். மாமா முகத்தை முடிந்தவரை சோகமாக வைத்துக்கொண்டு அடுத்து வெங்காயத்தை எடுத்தார்.

வழியனுப்ப வந்த அக்கா, வாசற்கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வயரை மாட்டிடலையே?"

"உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான் தம்பி.

"அன்னிக்கு வீடு பெருக்கும்போது மேஜைக்கடியில ஒரு ஸ்க்ரூ கிடைச்சுது. திரும்ப மாட்டலாம்னு திறந்து பார்த்தா, மனுஷன் கறுப்பு வயரை மட்டும் கழட்டிப் போட்டிருக்கார். மாடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், சிக்னல் ஜம்முன்னு வருது. பாவம், அவருக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றாள் அக்கா. "வெள்ளையைக் கழட்டி டேப் சுத்தினது நான்தான்டா."