பால்கனி போன்

என் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆபரேஷன் தியேட்டர் வாசலில். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"பால்கனி போனை மட்டும் அணைச்சிடாதீங்க" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது. முப்பத்தாறு வருடம் கூடவே வாழ்ந்தவனுக்கு அவள் விட்டுப்போன வார்த்தை அவ்வளவுதான்.

அவள் அறிவியல் டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் இணையத்தில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். எங்கள் பால்கனி எலுமிச்சைத் தொட்டியில் ஒரு புழு கூடு கட்டியதும், பழைய போன் ஒன்றைக் கம்பியில் கட்டி, பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கவும் பேசவும் முடிகிறபடி நேரலையாக ஓடவிட்டாள்.

பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'லோடிங்'. அசையவே மாட்டேன் என்கிறதாம்.

"மிஸ், டபுள் ஸ்பீடுல ஓட்ட முடியாதா?"

"உயிருக்கு அந்தப் பட்டன் கிடையாதுடா. உட்காந்து பாரு."

அவள் போன மூன்றாம் நாள் அந்தப் போனை அணைத்தேன். பத்தே நிமிடத்தில் என் போன் அடித்தது. வகுப்பு லீடர்.

"அங்கிள், கேமரா ஆஃப் ஆயிடுச்சு. போட்டுவிடுறீங்களா?"

"உங்க மிஸ் இறந்துட்டாங்க, தெரியும்ல?"

"தெரியும் அங்கிள். போட்டுவிடுங்க அங்கிள், ப்ளீஸ்."

ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. போனோடு வளர்ந்த பிள்ளைகள் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளே. போட்டேன்.

"கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க அங்கிள்."

"அந்தப் பக்கம் என் நாற்காலிதான்மா இருக்கு."

"பரவால்ல அங்கிள். முன்னாடியும் அப்படித்தான் இருந்துச்சு."

தினமும் காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிப்பேன். எதிர் நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன். ஒருநாள் காய்ச்சல், எழுந்திருக்கவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்து கதவைத் தட்டினார்.

"சும்மாதான் அண்ணே, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

புழு கூடு கட்டிய பன்னிரண்டாம் நாள் காலை, கூடு கண்ணாடி போல ஆகி, உள்ளே கறுப்பும் மஞ்சளும் தெரிந்தது. பிறகு அது பிளந்து, கசக்கிய துணி மாதிரி ஒன்று வெளியே வந்து தொங்கியது. பார்க்கப் பார்க்க இறக்கை விரிந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எந்த மோட்டாரும் அவ்வளவு சத்தமில்லாமல் வேலை செய்து நான் பார்த்ததில்லை. காபி ஆறிப்போனது. போனில் முப்பத்தொரு பிள்ளைகள்.

"மிஸ், லோடிங் முடிஞ்சிருச்சு" என்றது ஒரு குரல், மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை.

அது பறந்து போனதும் ஒயரைப் பிடுங்க எழுந்தேன்.

"அணைக்காதீங்க அங்கிள்." லீடர்தான்.

"இனிமே பார்க்க என்னம்மா இருக்கு? வெறும் கூடு."

கொஞ்சம் கழித்து என் போனுக்கு ஒரு இணைப்பு வந்தது. வகுப்பின் கவனிப்புப் பதிவேடு. தேதி, கூட்டின் நிறம், வெப்பநிலை என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: 'நாற்காலிக்கு ஆள் வந்த நேரம்.'

7.10. 7.05. 7.20.

காய்ச்சல் அடித்த அன்று: 'எட்டு மணி வரை வரலை. தையல் ஆன்ட்டிக்குப் போன் பண்ணியாச்சு.'

"இது யார் வேலைம்மா?"

"மிஸ் சேர்த்த கட்டம் அங்கிள். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள். ஆன்ட்டி நம்பரும் அவங்கதான் கொடுத்தாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. பேசினா அழுதுடுவோம்னுதான் அங்கிள், யாரும் எதுவும் பேசலை."

ஒயரை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஏழு வருடமாகிறது. பிள்ளைகள் எல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பால்கனி போனை இரண்டு முறை மாற்றியாயிற்று.

பதிவேட்டில் இன்றைய தேதிக்கு எதிரே 7.12 என்று இருக்கிறது.