இருபத்தேழாம் நம்பர் கோடு

கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கோடு போகவில்லை.

இருபத்தேழாம் நம்பர் ரத்தம். புரதங்கள் பிரிந்து நிற்கும் பட்டையின் கடைசியில், பென்சிலால் இழுத்துப் பாதி அழித்த மாதிரி ஒரு மங்கல். இருக்கக் கூடாத கோடு. வளர்ந்தால் மஜ்ஜைப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும்.

காலையிலிருந்து நாற்பது பட்டை பார்த்த கண் எரிந்தது. லேபில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பேர். இன்றைக்கு ஒருநாள் அந்தப் பேர் பொய்யாகிவிட்டால் தேவலை.

இருபத்தேழாம் நம்பர் அவள் கணவன்.

மாதம் ஒருமுறை கிளை ஆபீஸ் வேலையாக வெளியூர் போய்வந்தால் மனிதர் இரண்டு நாளைக்கு எழுந்திருப்பதில்லை. "வயசாகுது, விடேன்" என்று மழுப்பியவரை, இன்று விடியற்காலையில் தூக்கக் கலக்கத்திலேயே மடக்கி ரத்தம் எடுத்துவிட்டாள்.

படிவத்தையும் அவளே நிரப்பினாள். 'எடுத்துக்கொள்ளும் மருந்துகள்' என்ற கட்டத்தில், கேட்காமலே, 'இல்லை'. பதினாறு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா?

"என்னம்மா பூதக்கண்ணாடி, வீட்டுக்குப் போற எண்ணமே இல்லையா?" தலைமை டாக்டர் பின்னால் வந்து நின்றார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க சார். ரத்தம் சரியா உறையலைன்னாலும் இப்படி விழுமே?"

"உறைஞ்சுதா, இல்லையா?"

"உறைஞ்சுது." பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆனா ரொம்ப மங்கல். கோடு இல்லைன்னே எழுதிடலாமா சார்?"

"நீங்களா கேக்கறீங்க? போன வாரம் இதைவிட மங்கலா ஒண்ணு. அதுக்கு என்கூட அரை மணி நேரம் மல்லுக்கு நின்னீங்க."

யாருடைய ரத்தம் என்று அவள் சொல்லவில்லை.

டாக்டர் மிச்சமிருந்த ரத்தத்தை எடுத்துக்கொண்டார். மங்கல் கோடு என்றால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. படிவத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டார். வேறொரு திரவத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டிவிடுவார்.

ஒரு மணி நேரம். துடைத்த மேஜையையே மூன்று தடவை துடைத்தாள்.

டாக்டர் புதுப் பட்டையோடு வந்தார். "நோயோட கோடுன்னா இந்தத் திரவத்துக்கு நகராது. இது இடம் மாறிடுச்சு பாருங்க. பயந்த மாதிரி இல்ல. இது நோயோட கோடே கிடையாது."

அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து வலித்துக்கொண்டிருந்த இடுப்பு அப்போதுதான் தெரிந்தது. சிரிப்புக்கூட வந்தது.

"அப்ப எதோட கோடு சார்?"

டாக்டர் அடுத்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"மருந்தோடது. அந்தப் புற்றுநோய்க்கு மாசாமாசம் நரம்புல ஏத்துவாங்களே, அது."