கார்சினியா ஈச்சனி

மலையில் இருந்த அந்த ஒரே மரத்தைச் செடிகொடிகளை ஆராய வந்த பேராசிரியருக்குக் காட்டிக்கொடுத்தவர் ஈச்சன் காணிதான். மரமேறிப் பூவும் காயும் பறித்துத் தந்ததும் அவரே. அவருடைய ஆட்கள் காலங்காலமாகக் குழம்பில் போட்டு வந்த காய் அது. அவர்களுக்கு வெறும் புளிச்சக்காய், அவ்வளவுதான். பேராசிரியர் நல்ல மனிதர். உலகத்தில் யாரும் அறியாத இனம் என்று எழுதி, நன்றி மறக்காமல் அதற்கு ‘கார்சினியா ஈச்சனி’ என்று பெயர் வைத்தார். படித்தவர்கள் நாலைந்து பேர் மலையேறி வந்து, ஈச்சனுக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அடுத்த மாதம் மரத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. மரத்தில் பெயர்ப்பலகை தொங்கியது. அரிய மரம், தொட்டால் வழக்கு என்றார்கள் வனத்துறையினர்.

மகள் செவந்திக்கு மசக்கை. வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்தது. புளிச்சக்காய்க் குழம்பு இருந்தால் ஒரு வாய் தின்பேன் என்றாள். ஈச்சன் கம்பிக்குள் குனிந்து நுழைந்து நான்கு காய்களோடு வெளியே வந்தபோது, புதிதாக மாற்றலாகி வந்திருந்த வனக்காவலர் எதிரே நின்றார். காய்களைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கு எழுதத் தாளை விரித்தார்.

“பேரு என்னவே?”

ஈச்சன் பலகையைக் காட்டினார்.

“மரத்துப் பேரை நான் கேக்கல. ஒம்ம பேரச் சொல்லும்.”

“அதான் சார் எம்பேரு.”

காவலர் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஈச்சனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாளில் ‘பெயர் சொல்ல மறுக்கிறார்’ என்று எழுதிவிட்டு, அவருடைய கையை இழுத்துக் கட்டைவிரலில் மை தடவினார்.