பூவாயிக்குப் பக்கத்தில்

“என் கிளாஸ் லாரன் அமெரிக்காக்காரிம்மா. அவளோட ஃபேமிலி ட்ரீயில வேர்ல ஒரு செரோக்கிப் பொண்ணு இருக்கா. அங்கத்த பழங்குடியாம். நம்ம வேர்ல யாரு?”

துபாய்க்குப் பக்கத்து அஜ்மான் ஃபிளாட்டின் தரையில் சார்ட்டை விரித்துக்கொண்டு தாரிணி கேட்டாள். மணிமாறன் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோக்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். பூண்டு உரித்துக்கொண்டிருந்த ராதாதான் சொன்னாள்.

“பூவாயின்னு எழுது. உங்கப்பா வீட்டுக் குலசாமி.”

“சாமியா?”

“இருநூறு வருஷம் முன்னாடி அந்த வீட்டுப் பொண்ணு. வேற ஜாதிப் பையனைத்தான் கட்டுவேன்னு நின்னாளாம். அண்ணன்மாரே கிணத்துல தள்ளிட்டாங்க. அப்புறம் வீட்டுல வரிசையா சாவு விழவும், பயந்துபோய்க் கோயில் கட்டினாங்க. ஆடி மாசம் பொங்கல் வைக்கணும். உங்கப்பாவுக்குத்தான் பன்னிரண்டு வருஷமா ஒரு ஆடிக்கும் லீவு கிடைக்கல!”

தாரிணி பூவாயியை எழுதினாள். மேலே தாத்தா, அப்பா, சித்தப்பா என்று வரிசையாக எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்தாள்.

“உங்க தங்கச்சி கோமதி அத்தையை எங்க எழுதறதுப்பா? கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே கிணத்துல விழுந்து செத்துட்டாங்கல்ல? அப்ப அவங்களும் சாமிதானே? பூவாயி பக்கத்துல எழுதட்டுமா?”

ராதா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். ‘இல்லடா கண்ணு, அத்தை தவறி விழுந்தா’ என்று கணவன் சொல்வான் எனக் காத்திருந்தாள்.

மணிமாறன் பசை ஒட்டிய தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.