வாயில்லாப் பூச்சி

கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வரும் என்று நம்பித்தான் ஆதிரை அந்தப் புழுவைக் கண்ணாடிப் புட்டியில் வளர்த்தாள். அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் அது வெளியே வந்து, சிறகுகளைத் தட்டையாக விரித்துத் திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டது. அதன் உணர்கொம்புகள் இறகுபோல் இருந்தன.

"அந்துப்பூச்சி. அழித்தால்தான் திறக்கும்" என்று அறிவித்துவிட்டு வீட்டுக் கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே அம்மா கலாவல்லி மட்டும் இருந்தாள்.

பட்டாம்பூச்சிகளைக் கதவு கண்டுகொள்ளாது; துணியையும் தானியத்தையும் அரிக்கும் அந்து இனத்தைத்தான் விடாது. போன மாதம் அரிசி டப்பாவிலிருந்து பறந்த குட்டி அந்துக்குக்கூட இப்படித்தான் பூட்டிக்கொண்டது. அதைக் கலாவல்லி ஒரே அடியில் கொன்றாள். இதுவோ உள்ளங்கை அகலம். அவள் துடைப்பத்தை ஓங்கியபோது, பள்ளியிலிருந்து திரும்பிய ஆதிரை வெளியே நின்று கதவுக் கண்ணாடியைத் தட்டினாள்.

"அடிக்காதம்மா! இந்தப் பெரிய வகைக்கு வாயே கிடையாது. எதையும் தின்னாது. நாலஞ்சு நாள்ல தானா செத்துடும். அதுவரைக்கும் நான் மாடியில சுகுணா அத்தை வீட்ல இருந்துக்கறேன்."

கலாவல்லி துடைப்பத்தைக் கீழே போட்டாள். அவளால் வேலைக்குப் போக முடியவில்லை, ஜன்னலும் திறக்கவில்லை. மாலைகளில் மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அம்மா இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பூச்சி தரையில் செத்துக் கிடந்தது. கதவு திறக்கவில்லை.

"இன்னும் இருக்கிறது" என்றது.

கலாவல்லி திரைச்சீலையைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்க முட்டைகள்.

"என்னம்மா?"

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லு, கண்ணு."

ஆதிரை திரும்பிக்கொண்டாள். கதவு திறந்து, அம்மா தோளைத் தொட்டபோதும் அவள் திரும்பவில்லை.