மூடாமல் விட்ட இணைப்பு

தென்கொரியாவின் தேஜோன் நகரத்தில் மதியம் பன்னிரண்டாகப் போகிறது. ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருள் மூன்று நாளாக இந்த நேரத்தில்தான் உறைந்துபோகிறது. நேற்று பதினொரு நிமிடம் எந்த வண்டியும் கிளம்பவில்லை. ஜன்னல் வெயிலைக் கையால் மறைத்தபடி, தரவுத்தளத்துக்குத் திறந்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை திரையில் ஏறுவதையே நிரலாளர் ஹேரின் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது வரம்பைத் தொட்டால் மென்பொருள் உறைந்துவிடும். வேண்டாத நினைவகத்தைக் கணினி தானே கூட்டிப் பெருக்கிவிடும். திறந்த இணைப்பை மூடுவதோ நிரலை எழுதியவர் வேலை. அதனால் காலையில் அவள் ஒரு கண்ணி வைத்திருக்கிறாள்: மூடாமலே குப்பைக்குப் போகும் இணைப்பு, நிரலில் தன்னைத் திறந்த வரியைக் காட்டிக்கொடுக்கும். பக்கத்து மேசைக்காரன் கியூசிக், கிம்பாப் சோற்றுச் சுருளை மென்றுகொண்டே எட்டிப் பார்க்கிறான்.

"என்னக்கா, இன்னுமா மாட்டல?"

"சும்மா தின்னுடா."

திரையில் சிவப்பாக ஒரு வரி விழுகிறது. பின்னாலேயே அதே வரி, பத்து முறை, இருபது முறை. அழைத்தவர் தவறான முகவரி சொன்னால் நிரல் பாதியிலேயே திரும்பிவிடும் இடம் அது. இணைப்பை மூடாமலே திரும்புகிறது.

"எந்தப் புண்ணியவான் எழுதுனது?"

"நான்தான்டா."

கியூசிக் மெல்லுவதை நிறுத்துகிறான். ஹேரினுக்குக் காது சிவந்துவிடுகிறது, ஆனாலும் விரல்கள் நிற்கவில்லை. எப்படித் திரும்பினாலும் இணைப்பு மூடும்படி மாற்றி எழுதி அனுப்புகிறாள். மென்பொருள் புதிதாகத் தொடங்குகிறது. எண்ணிக்கை ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறி இறங்குகிறது, மூச்சு விடுவதுபோல. பன்னிரண்டேகாலுக்குத் தொலைபேசி அடிக்கிறது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரல் மூச்சிரைக்கிறது.

"இன்னிக்கு நிக்கவே இல்லம்மா! இப்பத்தான் ஒரு பிரசவத்துக்கு வண்டி கெளம்பிருச்சு."